அம்புக்குறி பார்க்கும் திசை

சோங்கோல், ஜூன் 4

அக்மரலின் அப்பாவுக்கு,

மலைமேல் ஏரிக்கரை மேய்ச்சல் வெளிக்கு ஏறி வந்து எட்டு நாளாகிறது. நானும் பிள்ளையும் சுகம். இங்கே போனில் டவர் எடுக்காததால் டிரைவர் கெனேஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வரும் வழியில் நம் பழைய சூரிய மின்தகடு வண்டியிலேயே நொறுங்கிவிட்டது. பாலாடை பிரிக்கும் மெஷினைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போயிற்று. ஒவ்வொரு டீ முடிந்ததும் நீங்கள் எழுந்துபோய்த் தகட்டைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு வருவீர்கள். அங்கே வெளிநாட்டில் உங்களுக்குத் தகடு பொருத்துவதுதானே வேலை? ஒன்று வாங்கி வாருங்கள். அனுப்புங்கள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். பனி விழுமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் ஜிபார்

ஓரென்பூர்க், ஜூன் 23

அன்பு ஜிபாருக்கு,

கடிதத்தில் நம் அடுப்புப் புகை மணத்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

தகட்டில் இரண்டு வகை. ஒன்று தெற்கே பார்த்து அசையாமல் நிற்கும். ரிப்பேர் வராது, விலையும் குறைவு. மற்றது மோட்டார் வைத்தது, கடிகாரக் கணக்கில் சூரியனோடு தானே திரும்பும். மின்சாரம் கால் பங்காவது கூடும். எது வேண்டும், சொல். என் மனசு திரும்புகிறதன் பக்கம்தான். இங்கே வெட்டவெளியில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சாயங்காலம் எல்லாம் ஒன்றாக மேற்கே பார்க்கும்போது நம் ஆடுகள் ஞாபகம் வருகின்றன.

தாலாய்பெக்

சோங்கோல், ஜூலை 15

அக்மரலின் அப்பாவுக்கு,

அசையாததே போதும். வருஷத்துக்கு நான்கு முறை கூடாரத்தைப் பிரித்து இடம் மாறுகிறோம். ஏரிக்காற்றில் மோட்டார் நின்றுபோனால் யார் பார்ப்பது? காலையிலும் மாலையிலும் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் வந்து திருப்புங்கள். அக்மரல் கேட்கிறாள்: "அப்பா வந்து திருப்புவாரா, இல்ல அதுவே திரும்பிக்குமா?" நான் மாவு பிசையத் திரும்பிக்கொண்டேன்.

ஜிபார்

ஓரென்பூர்க், ஆகஸ்ட் 2

அன்பு ஜிபாருக்கு,

உன் பதில் வருமுன்பே திரும்புகிற தகட்டை லாரியில் ஏற்றிவிட்டேன். கோபிக்காதே. பூட்டுவது சுலபம், தகட்டின் காலில் ஓர் அம்புக்குறி இருக்கும். இனி நீ டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். இன்னொன்று, முதலாளி குளிர்காலத்துக்கும் இருக்கச் சொல்கிறார். ஒரே ஒரு குளிர்காலம்தான்.

தாலாய்பெக்

சோங்கோல், ஆகஸ்ட் 24

அக்மரலின் அப்பாவுக்கு,

தகடு வந்தது. அம்புக்குறியை வாசலுக்கு நேராக வைத்துப் பூட்டினேன். கூடாரத்தில் எதை வைத்தாலும் வாசலைப் பார்த்துத்தானே வைப்போம்? நம் வாசலோ கிழக்கே. காலையில் தகடு வடக்கே பார்த்தது, உச்சிப்பொழுதில் கிழக்கே. "அம்மா, இது சூரியனோட கோவிச்சுக்கிச்சு" என்றாள் உங்கள் மகள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்புக்குறி தெற்கே பார்க்க வேண்டும் என்று கெனேஷ் அண்ணன் வந்துதான் சொன்னார். அதை நீங்கள் எழுதவே இல்லையே, நம் வாசல் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா?

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. திரும்பி வருகிற மனுஷன் தன் வேலையைச் செய்ய மெஷின் அனுப்பமாட்டார். அதனால் நேராகவே கேட்கிறேன். வருவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் எழுதுங்கள்.

ஜிபார்

குளிர்கால வீடு, நவம்பர் 10

அக்மரலின் அப்பாவுக்கு,

கெனேஷ் அண்ணன் மூன்று முறை வந்துபோனார், கடிதம் இல்லை. கீழே இறங்கிவிட்டோம், இங்கே போனில் டவர் எடுக்கிறது. போனும் அடிக்கவில்லை.

மோட்டாரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். தகட்டைக் கூரையில் தெற்கே சாய்த்து நான்கு போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. பனி சறுக்கி விழுந்துவிடுகிறது, விளக்கு எரிகிறது, அக்மரல் அதன் கீழே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். நானும் கோடை முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியாது.

உங்கள் மேல் ஆசை குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். போல்ட் கழற்றுகிற ஸ்பானர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கிழக்கே.

ஜிபார்