கண்டக்டர் அழைத்த விருந்து

செம்மேடு,
புதன்கிழமை.

அன்பு மகன் முரளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ராதிகாவும் நல்ல சுகம், போன வாரம் கன்று போட்ட மாடும் சுகம். அங்கே நீயும் வெயிலில் அலையாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க எட்டுக்கை அம்மன் துணை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நீ பேசாவிட்டால் சிக்னல் போய்விடும், கடிதத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. நம்மிடம் மிளகு வாங்கும் பேளுக்குறிச்சி அப்துல் சலாம் பாயின் மருமகன் தவ்பீக் நாளைக்குக் கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் மிளகும் காப்பித்தூளும் இதையும் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, உட்கார்ந்து முழுதாகப் படி கண்ணு, பாதியில் எழுந்து போகாதே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அடக்க முடியவில்லை. என் மருமகள் ராதிகாவுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது! ராசிபுரத்தில் ஆபீஸ், வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். பரீட்சையில் அவள் பெயர் வந்தபோது நீ போனில் என்ன சொன்னாய், நான் சம்பாதிப்பது போதாதா, அம்மாவுக்கு முட்டி வலி, அவள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் சமைப்பது என்றாய். அந்தப் பெண் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். போன மாதம் அவளுக்குக் கண் காட்டச் சேலத்துக்குப் போனதாக அப்பா சொன்னாரே, அது பொய். இரண்டு பேரும் சென்னைக்குக் கலந்தாய்வுக்குப் போனார்கள். அனுப்பி வைத்தது நான். கோபம் வந்தால் என் மேல் வரட்டும், எனக்கு அது பழக்கம்தான்.

நேற்றுக் காலை தபால்காரர் வேலை உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார். உனக்கு மெதுவாகப் பக்குவமாகச் சொல்லும்வரை ஊரில் மூச்சு விடக்கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் மிரட்டினார். ராதிகாவைப் பெற்ற அப்பனுக்கு மட்டும் சொல்லிவிடலாம், சாயங்காலம் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும் என்று முடிவானது. உன் மாமனார் சென்றாயன் ஊரில் போன் எடுக்காது என்பது உனக்கே தெரியும், அங்கே சேதி போக வேண்டுமென்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டர் ரமேஷ்குமாரிடம், மருமகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சம்பந்தியைச் சாயங்காலம் சாப்பிட வரச் சொல்லப்பா என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தார். கண்டக்டரிடம் ரகசியம் சொன்ன ஒரே ஆள் இந்த மலையில் உன் அப்பாதான்!

ரமேஷ்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியில் நின்று, "நம்ம முருகானந்தண்ணன் மருமகளுக்குக் கவர்மெண்டு வேலைங்கோ, சாயங்காலம் அவங்க ஊட்டுல சோறு, எல்லாரும் வந்துருங்கோ" என்று கூவிக்கொண்டே போயிருக்கிறான். எல்லாரும் என்பது அவனாகச் சேர்த்தது. இது தெரியாமல் நான் நாலு பேருக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணிக்குச் சின்னுசாமி அண்ணன் வெளுத்த வேட்டியும் தோளில் ஒரு பலாப்பழமுமாக வாசலில் நிற்கிறார், பின்னால் பெருமாயி அண்ணி பட்டுச் சேலையில். "ஏனுங்க தேனு, இன்னும் அடுப்பே பத்த வெக்கலயா" என்று அண்ணி கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அப்பா வெளியே எட்டிப் பார்த்தார், மேட்டுப் பாதையில் இன்னும் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். மனுஷன் நேராக மிளகுக்கொடிக்குள் போய் நின்றுகொண்டார். நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து அரிவாளைக் கொடுத்து, குச்சிக்கிழங்கு பிடுங்கி வாருங்கள் என்று அனுப்பினேன்.

அப்புறம் என்ன, பஸ்ஸுக்கு பஸ் ஆள் வந்தது. வந்தவர்கள் யாரும் சும்மா வரவில்லை, சும்மா இருக்கவும் இல்லை. பெருமாயி அண்ணி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாமை புடைத்தார். அண்டா ஒரு வீட்டிலிருந்து, கரண்டி ஒரு வீட்டிலிருந்து, விறகு எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கிழங்கு வேகவைத்துத் தாளித்தது, மிளகு ரசம், நம் தோட்டத்து அன்னாசிப்பழம் போட்டுக் கேசரி. கேசரி அடிப்பிடித்துவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை, சட்டியைச் சுரண்டியே தின்றுவிட்டார்கள். உன் மாமனார் கடைசி பஸ்ஸில் கைக்கு ஒன்றாக இரண்டு நாட்டுக்கோழியோடு வந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட சேதி என்று பதறிப் போனார், பாவம். உத்தரவை அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி மகள் பெயர்வரை படித்தார், அதற்கு மேல் முடியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். கோழிகள் இரண்டும் அந்த நேரத்தில் அவிழ்ந்து ஓட, அப்பா துரத்திக்கொண்டு ஓட, அழுதவர்கள் எல்லாம் சிரித்துவிட்டோம். மொத்தம் அறுபத்திரண்டு இலை போட்டோம் கண்ணு. இரண்டு மணி நேரத்தில் அறுபத்திரண்டு பேருக்குப் பொங்கிப் போட்டது உன்னுடைய அதே முட்டி வலி அம்மாதான். எனக்கு யார் சமைப்பது என்ற கவலையை விடு.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. பந்தி நடக்கும்போது சின்னுசாமி அண்ணன் எல்லார் முன்னாலும் சத்தமாக, "ஏம்மா ராதிகா, முரளி என்ன சொன்னாப்புல" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ராதிகா ரசம் ஊற்றிக்கொண்டே, "அவருக்கு ரொம்ப சந்தோசமுங்க மாமா, தைரியமாப் போ, நான் இருக்கேன்னு சொன்னாருங்க" என்றாள். எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள், புருஷன் என்றால் முரளி மாதிரி இருக்க வேண்டும் என்று பெருமாயி அண்ணி தன் வீட்டுக்காரரை இடித்துக் காட்டினார். ராதிகா சிரித்தபடி அடுத்த இலைக்குப் போனாள். பின்னாலேயே சமையல் கட்டுக்குள் போய்ப் பார்த்தேன், அண்டா பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன சாமி என்றேன், புகைங்க அத்தை என்றாள். அடுப்பு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மிளகை டப்பாவில் போட்டு இறுக மூடி வை. தண்ணீர் நிறையக் குடி. தவ்பீக்கைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பாதே. உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசையும் சேர்த்து நீயும் அவளும் நன்றாக இருப்பீர்கள். திங்கட்கிழமை அவள் முதல் பஸ்ஸுக்குப் போகிறாள், அதற்கு உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை. அறுபத்திரண்டு பேர் முன்னால் நீ சொன்னதாக அவள் சொன்னாளே, அதை அவள் இன்னும் உன் வாயால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
தேன்மொழி