பரம்பரை நோய்: இல்லை

நாள் 212, காலை 6.10 (இந்திய நேரம்)
சனிக்கோளின் நிலவான டைட்டனில் உள்ள நிலையம். ஆள்: நான் ஒருத்தி, குழலி. மீத்தேன் ஏரி மட்டம் வழக்கம் போல. கழிவுநீர் பம்ப் மறுபடி மக்கர் செய்கிறது. அதற்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தலைவலி, வியர்வை. இரத்த அழுத்தம் 210/120. கருவி பழுதாக இருக்கும்.

நாள் 214, மாலை 5.40
கருவி சரியாகத்தான் இருக்கிறது. சனியன், பழுது நான்தான். ஸ்கேனில் இடது சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரீனல் சுரப்பியில் நாலு சென்டிமீட்டர் கட்டி. கழுத்தில், தைராய்டிலும் ஒன்று. அட்ரீனல் கட்டிதான் கண்ட நேரத்தில் ஹார்மோனைக் கொட்டி இதயத்தை விரட்டுகிறது.

அப்பாவுக்கும் இதேதான். குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் அழுத்தம் எகிறி, மேசையிலேயே போனார். 'அட்ரீனல் கட்டி, பரம்பரையாக வருவது' என்ற பரிசோதனை அறிக்கையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள். "ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிருக்கேன். வெளிய மூச்சு விட்டீங்க, கொன்னுருவேன்." விடவில்லை. இந்தப் பயணத்துக்கான படிவத்தில்கூட 'இல்லை' என்றே எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

நாள் 215, காலை 7.00
தங்கை செண்பகத்துக்குத் தலைப்பிரசவம். சிசேரியன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் கட்டி இருந்து, டாக்டருக்குத் தெரியாமல் கத்தி வைத்தால் அப்பா கதைதான். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். அவளுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்: "அடியே, அப்பா ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டு. இன்னைக்கே."
கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லவில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு போகட்டும். இங்கிருந்து பூமிக்குச் செய்தி போக எழுபத்தைந்து நிமிடம்.

நாள் 216, காலை 8.35
செண்பகத்தின் பதில். அங்கே 7.20க்கு அனுப்பியிருக்கிறாள்.
"அக்கா, அத்தை பக்கத்துலயே நிக்காங்க. மாமியார் முன்னாடி அத எப்படிக் காட்ட? டாக்டர் கேட்டதுக்கு, எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். எனக்கும் கொஞ்ச நாளா தலைவலி, படபடப்பு. பயத்துலதான் இருக்கும். ஒம்போது மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீ கவலப்படாத."

8.41
மையத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபரேஷனை நிறுத்துங்கள் என்று கத்தினேன். போய்ச் சேரும் நேரம் 9.56. ஐயோ, நேற்றே சொல்லியிருக்கலாமே பாவி.

9.00
230/140. செண்பா, எந்திரி. மேசைய விட்டு எந்திரிடி.

9.56
இப்போதுதான் கேட்டிருப்பார்கள். பதில் வர 11.11 ஆகும். அதுவரை நான் தாங்க மாட்டேன். கண் தெரியவில்லை.
இதைக் கண்டெடுப்பவருக்கு: செண்பகத்தின் குழந்தை பிறந்திருந்தால், அதன் ரத்தத்தைச் சோதியுங்கள். எங்கள் வீட்டில் யாரையும் கேட்கா