பழுப்புச் சட்டக் கண்ணாடி, ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம்தான், மாத்திரை போட்ட அன்று முழு நலம், மறந்த அன்று அரை நலம். நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது, போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்பா என்று ஒரே பதிலைத்தான் சொல்கிறாய். தாளைப் பார்த்துச் சிரிக்காதே. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்று உங்களைத் தொட்ட சாதாரண விஷயம் எது?' என்று அச்சடித்திருக்கும். ஆபீசில் இலவசமாகக் கொடுத்த நோட்டு. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் மறந்துவிடும்.

உன் அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலாம். டாக்டரிடம் போய்வந்த கதையை என்னிடம் நான்கு முறை சொல்லிவிட்டாள், ஐந்தாம் முறை உனக்குச் சொல்வாள், அவள் மனம் கோணாமல் காதுகொடுத்துக் கேள். மாடியில் குடியிருப்பவர்கள் மறுபடியும் சுவரைத் துளைக்கிறார்கள், அந்த வீட்டில் இன்னும் எத்தனை படம்தான் மாட்டுவார்களோ. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரர் தினமும் நாளைக்கு வரேன் என்கிறார், ஒரு வாரமாக நாளைக்குத்தான். அம்மா உட்கார்ந்து தைக்கிற ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன். அதில் யாரும் உட்காருவதில்லை, ஆனாலும் ஆடினால் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய புத்தகம் வந்து ஒரு மாதம் ஆகிறது. படிச்சீங்களாப்பா என்று கேட்டாய், படிச்சிட்டிருக்கேன் என்றேன். அது பொய். வந்த அன்றே ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டேன். நீ வரைந்த படங்கள் நன்றாக இருக்கின்றன, அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அந்த வளைந்த குடையை மட்டும் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, படங்களுக்குக் கீழே இருக்கிற என் வரிகளை யார் எழுதியது என்று போட்டிருக்கிறாயா என்று தேடினேன். 'ஒரு பழைய பதிவேட்டிலிருந்து' என்று இருந்தது. சரி, பதிவேடு தானாக எழுதிக்கொண்டது போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதோடு விட்டிருப்பேன் பாப்பா, இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

போன புதன்கிழமை எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். படைப்பாற்றலும் சுயமுன்னேற்றமும் என்று தலைப்பு. பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை வாங்கி அடுக்கி, தேடி வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற ஆபீசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய், மேலிடத்து உத்தரவு, வராவிட்டால் லீவில் கழிப்பார்களாம். கேன்டீனில் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, தினமும் பத்து நிமிஷம் சுத்திப் பாருங்க, கண்ணுல படற ஒரு சாதாரணப் பொருளைப் பத்தி நாலு வரி எழுதுங்க, ஒரு வருஷத்துல நீங்களே வேற ஆளா ஆயிடுவீங்க என்றார். நான் இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், பத்து நிமிஷம் இல்லை, எட்டு மணி நேரம், நாற்பத்தொரு பதிவேடு, வேறு ஆளாக ஆகவில்லை, இடுப்புவலிதான் வந்தது. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மையார் திரையில் ஒரு பேச்சைப் போட்டார். பார்த்தால் நீ. மேடையில், நீலச் சட்டையில், தலைமுடியை வெட்டிக்கொண்டு. கேன்டீனில் என் பக்கத்தில் ஏணி உட்கார்ந்திருந்தார், உனக்கு மறந்திருக்காது, எட்டாத அலமாரியிலிருந்து ஏணி போடாமலே சாமான் எடுக்கிற நெட்டையர், மிட்டாய் வாங்கிக் கொடுத்தே உன் பல்லைக் கெடுத்தவர். அவர் என் தொடையில் தட்டி, அண்ணே நம்ம பாப்பா என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைக்கமாட்டேன். இரண்டு நிமிஷம் அப்படி இருந்தது.

பிறகுதான் என் கதைக்கு வந்தாய். நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது, எழுதி வைப்பதுதானே என் தொழில். எங்க அப்பா தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல கிளார்க், கற்பனைன்னா என்னன்னே அவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்கு எழுதித் தள்ளின வறட்டுப் பதிவேட்டுலதான் நான் கவிதையைக் கண்டுபிடிச்சேன், ஊக்கத்தைத் தேடி எங்கயும் போக வேண்டாம், பார்க்கத் தெரிஞ்ச கண்ணு இருந்தா போதும் என்றாய். அதோடு நிற்கவில்லை. ஒரே மூக்குக்கண்ணாடியை எங்கப்பா பதினாலு தடவை எழுதி வச்சிருக்காரு, ஒரு எழுத்து மாறாம, யாரோ அதைப் பதினாலு தடவை தொலைச்சாங்களா, இல்ல எங்கப்பா பேனாவோட தூங்கிட்டாரான்னு தெரியல என்றாய். உன் எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேன்டீனில் இருந்தவர்களும் சிரித்தார்கள், திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேனேஜர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஏணி மட்டும் சிரிக்கவில்லை. நான் நோட்டைத் திறந்து ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். இந்த வயதில் சக ஊழியர்கள் முன்னால் அப்படிக் குனிந்து உட்கார வைத்துவிட்டாயே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, இன்னும் அடங்கவில்லை.

கற்பனை தெரியாதவன் எழுதினதை நீ எதற்குப் புத்தகம் போட்டாய் என்று கேட்கலாம், கேட்கவில்லை. ஆனால் எது எப்படி எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள். 'கறுப்புக் குடை, ஒன்று. ஒரு கம்பி வளைந்தது. பிடியில் பல் தடம், குழந்தையுடையதாக இருக்கலாம், பொறுமையில்லாத பெரியவருடையதாகவும் இருக்கலாம்.' இது வறட்டு எழுத்தா? இதைக் கழிவுத்தாளில் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் ஏற்றினேன். நிறம், அளவு, எண்ணிக்கை போதும், கதை வேண்டாம் என்று பழைய மேனேஜர் எனக்கு இரண்டு மெமோ கொடுத்தார், இரண்டும் என் கோப்பில் இருக்கின்றன. அப்போதும் விடவில்லை. ஏன் என்று கேள். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலை முடிந்து வரும்வரைக்கும் நீ என் கவுண்டருக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பாய். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பாய். கையுறை பற்றி ஒன்று எழுதியிருந்தேன், 'இடது கை மட்டும், வலது கை வேறு பஸ்ஸில் போயிருக்கும்' என்று, அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் கவுண்டருக்கு வந்திருந்தவர் பயந்தே போய்விட்டார். அன்றிலிருந்து உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். நீ வளர்ந்து போன பிறகும் கை பழகிவிட்டது. ஆக உனக்கு ஊக்கம் எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது, எனக்கு வந்தது கவுண்டருக்கு அடியிலிருந்து. சாதாரணப் பொருள் சாதாரணப் பொருள் என்று நீ மேடையில் அடுக்குகிறாய், எங்கள் அலமாரியில் அப்படி ஒன்று கிடையாது பாப்பா, அங்கே இருப்பது எல்லாம் யாரோ ஒருத்தர் தேடிக்கொண்டிருக்கிற பொருள்.

இனி அந்தக் கண்ணாடிக்கு வருகிறேன். அது அம்மாவுடையது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ வந்து நான்கு நாள் இருந்துவிட்டு வேலை இருக்கிறது என்று புறப்பட்டுவிட்டாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். துணிமணிகளை அத்தை யார் யாருக்கோ கொடுத்து, அம்மாவின் சாமான்களை எல்லாம் ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த ஜன்னலோர நாற்காலியின் கையில் கண்ணாடி மட்டும் மிஞ்சியது. அதை அலமாரியில் பூட்டவும் மனசு வரவில்லை, கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். நான்காம் நாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு சீட்டு எழுதினேன். 'பெண்கள் மூக்குக்கண்ணாடி, பழுப்புச் சட்டம், ஒன்று. கிடைத்த இடம்: ஜன்னலோர இருக்கை.' பதிவேட்டில் ஏற்றி, மற்றக் கண்ணாடிகளோடு வைத்துவிட்டேன். தொண்ணூறு நாள் வைத்திருப்போம், ஆள் வராவிட்டால் ஏலத்துக்குப் போகும், அதுதான் எங்கள் விதி. எண்பத்தொன்பதாம் நாள் கண்ணாடியைத் தட்டிலிருந்து எடுத்தேன். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு அன்றைய தேதி போட்டு அதே வரியைச் சீட்டிலும் பதிவேட்டிலும் புதிதாக எழுதினேன், அதற்குப் பிறகும் ஒவ்வொரு எண்பத்தொன்பதாம் நாளும் அதையேதான் செய்தேன். வேறு வார்த்தை போட்டுப் பார்த்தேன், வரவில்லை. கற்பனை ஓடாத ஒரே வரி அதுதான், அதைத்தான் நீ ஒரு எழுத்து மாறவில்லை என்று சிரித்தாய். ஏணி அதை ஒவ்வொரு முறையும் பார்த்தார், ஒரு முறையும் கேட்கவில்லை, எனக்கு எட்டட்டும் என்று கண்ணாடியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தார். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் நீ விடுமுறையில் வந்து பதிவேடுகளைப் படமெடுத்துக்கொண்டு போனாயே, அப்போது பதினான்கு முறை ஆகியிருந்தது. அப்பாவின் கையெழுத்தை ஞாபகத்துக்கு எடுத்துப் போகிறாள் என்று நினைத்து, மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொடுத்தவன் நான். இப்போது கணக்கு இருபத்து நான்கு. அடுத்த பதிப்பு போட்டால் திருத்திக்கொள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் உன்னிடம் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் பழுப்புச் சட்டம், ஜன்னலோர இருக்கை என்று பதினான்கு முறை படித்திருக்கிறாய், படம் வரைந்திருக்கிறாய், ஒரு முறையாவது போனை எடுத்து, அப்பா இது யாருதுப்பா என்று கேட்டிருக்கலாம். பார்க்கத் தெரிந்த கண் என்று சொன்னாயே, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

சிரித்து முடித்த மேனேஜர் மறுநாள் காலையில் மூக்குக்கண்ணாடிகள் இருக்கிற தட்டைத் துருவித் தேடினார். இருபத்து நான்காம் சீட்டோடு அது இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, யாருடையது என்று அவருக்குத் தெரியாது, நானும் வாயைத் திறக்கவில்லை. இனிமே இதுக்குத் தேதி மாத்தக் கூடாது, நாள் முடிஞ்சா ஏலப் பெட்டிக்குப் போயிடணும் என்று சீட்டில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஏணி சாயங்காலம் என்னிடம் வந்து, பாக்கெட்ல போட்டுக்கோங்கண்ணே, யாரு கேக்கப்போறா என்றார். என்னால் முடியாது. பதிவேட்டில் ஏறின பொருளை ஊழியர் யாரும் எடுக்கக்கூடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பேனா மூடியைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, உன் அம்மாவின் பொருளை வைத்தா திருட ஆரம்பிப்பேன்? என் கையால் எழுதி என் கையையே கட்டிக்கொண்டேன், என்னை மாதிரி முட்டாள்தான் இப்படிச் செய்வான், அதற்கும் வேண்டுமானால் மேடையில் சிரித்துக்கொள்.

அதன் கெடு இன்றிலிருந்து முப்பத்தெட்டாம் நாள் முடிகிறது. கடிதம் உன் கைக்கு வரும்போது இருபத்தைந்து நாளாவது மிச்சம் இருக்கும். அதைக் கேட்டு வாங்க அத்தையை வரச் சொல்லலாமா என்று யோசித்தேன், அவளுக்கு அடையாளம் தெரியாது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், எந்தப் பொருளானாலும் ஒரு அடையாளத்தைச் சீட்டில் எழுதாமல் விட்டுவிடுவோம், தேடி வருகிறவர் அதைத் தன் வாயால் சொன்னால்தான் பொருளைக் கொடுப்போம். அந்தக் கண்ணாடிக்கும் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். அது மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி இல்லை, நான் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் இதை மனதாரத்தான் சொல்கிறேன். இன்னும் வரை, நிறைய வரை. காலையில் வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. புறப்படுவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், காலை ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறக்கும், மற்றவர்களைப் போல வரிசையில் நில். உன் முறை வந்ததும் நான் மகள் என்று பார்க்கமாட்டேன், பொருளுக்கு அடையாளம் என்னம்மா என்றுதான் கேட்பேன். அந்த அடையாளம் ஏழு வயதில் நீ செய்த காரியம். அதற்கு அம்மா உன்னை அடிக்கவில்லை, கடைசிவரைக்கும் அதைச் சரிசெய்யவும் இல்லை. அதுவாவது நினைவிருக்கிறதா பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மூன்றாம் கவுண்டர்.