கராஜில் ஒரு விமானம்

இஞ்சாருங்கோ,

நேரே கேட்க வாய் வராததால் எழுதுகிறேன். நீங்கள் கராஜில் செய்யும் விமானத்துக்காக இன்று விம்பிள்டன் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்யப் போனேன். "ஆர் ஆர் ஏறப் போறியள்? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர். நான் இருவருடையதையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, சக்கரத்தடியில் தேசிக்காய் வைக்கும்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓர் ஆசனம்தான் இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் சாதாரணச் சனங்களே வீட்டில் செய்து, மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிப் பறந்த விமானம் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னீர்கள். ஒருவருக்குத்தான் இடம் என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லியும் நான்தான் மறந்தேனோ? இரண்டு குளிர்காலம் இறக்கைத் துணியைத் தைத்தவள் நான்தானே.

சின்ன விமானம், அதனால் இருக்கும். ஆனால் ஆவணியில் கட்டிலொன்றையும் கராஜுக்குக் கொண்டுபோனீர்கள். அதுவும் ஒற்றைக் கட்டில். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சோறு மேசையில் மூடியிருக்கிறது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்திருக்கிறேன்.

அர்ச்சனையிலிருந்து என் பெயரை எடுக்க ஏலுமோ என்று ஐயரிடம் கேட்கட்டோ, வேண்டாமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
இறக்கை தைத்தவள்