எவ்வளவு எடுக்கிறாளோ எடுக்கட்டும்

மார்ச் 4, 2025

எங்கள் சிறப்புக் குழந்தைகள் பயிற்சி மையத்துக்கு மேலிடத்திலிருந்து வசந்த காலக் கைவேலைப் பெட்டி வந்திருக்கிறது. துலிப் பூ அச்சு, வெள்ளை முயல், பஞ்சு. இண்டூரில் எவர் வீட்டு வாசலில் துலிப் பூக்கிறதாம்? பெட்டியைப் பீரோ மேல் தூக்கிப் போட்டேன். மையத்து வாசலில் புங்கமரம் பூத்துக் கொட்டுகிறது. அட்டையில் மரம் வரைந்து, பூவுக்குப் பொரியை ஒட்டச் சொன்னேன்.

கலைமதிக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வலது கை மூடியே கிடக்கும். இடது கையைத் துணிப்பைக்குள் விட்டு மணிக்கட்டில் கட்டினேன். அப்படிச் செய்தால்தான் வலது கை வேலைக்கு வரும். முக்கால் மணி நேரத்தில் நாலு பொரி. நாலும் வலது கை விரலால் எடுத்து ஒட்டியது. ஒன்றரை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மார்ச் 11

ஒன்பது பொரி! துணிப்பையை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 18

கலைமதியின் அம்மா கோகிலவாணி வந்து, இனி ரெண்டு மாசம் வர முடியாது என்றாள். புளி சீசன். மண்டிக்காரர் இவர்கள் வீட்டிலேயே மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறாராம், அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து கொட்டை எடுக்கிறார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம். இப்போது விட்டால் விரல் மறுபடி மூடிக்கொள்ளும் என்று கத்தினேன்.

பிறகு எனக்கே ஒரு யோசனை. கொட்டை எடுப்பதும் விரல் வேலைதானே? "அவளையும் கூட உக்கார வைங்க. எவ்ளோ எடுக்கறாளோ எடுக்கட்டும். அதுவும் பயிற்சிதான்" என்றேன். கோகிலவாணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மார்ச் 19

யோசனையை எழுதி மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பச்சியப்பன் சாருக்கு அனுப்பினேன். பிரமாதம் என்று பதில் வந்தது. நாள் பூரா எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 8

போன் செய்தேன். நல்லா எடுக்கறாளுங்க என்றாள் கோகிலவாணி. பின்னால் பிள்ளை சிரிப்பது கேட்டது. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மே 20

அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தேன்.

கூடத்தில் ஐந்தாறு பெண்கள், நடுவில் கலைமதி. கத்தி இடது கையில். வலது கை மூடினபடியே, அந்த முட்டியால் பழத்தை அழுத்திக்கொள்கிறாள். இடது கை கீறுகிறது, கொட்டை தெறிக்கிறது. "மிஸ், எங்கம்மாவ விட நான்தான் வேகம்" என்றாள்.

துணிப்பை எங்கே என்று கேட்டேன். கோகிலவாணி விழித்தாள்.

"அதக் கட்டுனா எடுக்க முடியலீங்களே மேடம். எவ்ளோ எடுக்கறாளோ எடுக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? எந்தக் கை என்று சொன்னேனா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல வந்துட்டே, படிச்சு என்னத்தக் கிழிச்சே நீ?

வலது கையைப் பிரிக்கப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. மற்ற விரல்களைத் தொட்டதுமே வலியில் கையை இழுத்துக்கொண்டாள். புளி பட்டுப் பட்டுத் தோல் புண்ணாகியிருக்கிறது. இனி முதலிலிருந்து — இல்லை, முதலில் இருந்ததைவிட மோசம். ஜூன் மாதம் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"இனி எதுக்குங்க மேடம்? ஒதவாத புள்ளன்னு பேசுன வாயெல்லாம் இப்ப அடைச்சுப் போச்சு. எல்லாம் உங்க புண்ணியம்."

கையெடுத்துக் கும்பிட்டாள். மோர் கொடுத்தாள். குடித்தேன்.

மே 21

எழுத முடியவில்லை.

ஜூன் 10

வரவில்லை.

ஜூன் 17

வரவில்லை. போன் செய்தால், "அவ சந்தோசமா இருக்கறாளுங்க, வுடுங்க" என்கிறாள். அது பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 9

தர்மபுரியில் மாவட்டக் கூட்டம். அடுத்த பங்குனிக்கு எல்லா மையத்திலும் புளிப் பயிற்சி என்று பச்சியப்பன் சார் அறிவித்து, என்னை எழுப்பி விளக்கச் சொன்னார். விளக்கினேன். நல்ல கையைக் கட்ட வேண்டும், பத்துப் பழத்துக்கு மேல் கூடாது, கத்தி கூடவே கூடாது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பென்னாகரம் மையத்து ஷாஹீன், முதலில் இதைச் செய்த அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"நல்லா வேகமா எடுக்கறா" என்றேன்.

கைதட்டினார்கள்.