மனுவில் நான் எழுதாதது

ஜூலை 8, செவ்வாய்

ஒரே காற்று. கடை வாசலெல்லாம் மண். செஞ்சிக் கோட்டைப் பக்கம் மேகம், மழை இல்லை. பதினொன்றிலிருந்து ஒன்று வரை கரண்ட் கட். ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் சொல்ல வேண்டும். சுதாவுக்கு ரெக்கார்ட் நோட் இரண்டு.

கடை திறந்ததும் தவமணி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நிற்பாளே, அவள். எதற்கு நிற்கிறாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்போம். தாலுகா ஆபீஸ் எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டு ஒன்பது வருடம். இதுவரை என்னிடம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான் பழக்கம்.

இன்று மனு. உதடு கிழிந்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம். தலைப்பால் மூடிக்கொண்டே பேசினாள்.

"ஸ்டேஷன்ல குடுக்கணும்க்கா. நான் சொல்றத அப்படியே அடிச்சிக் குடுங்க."

நேற்று சாயங்காலம் நிலத் தரகர் குமரவேல் கூப்பிட்டிருக்கிறான். மல்லாட்டை போட்ட கொல்லை, நடுவில் மோட்டார் கொட்டகை. போனால் உள்ளே இன்னும் இரண்டு பேர். வேண்டாம் என்று திரும்பியிருக்கிறாள். கையைக் கட்டிப்போட்டு, மூன்று பேரும்.

"வேணாம்னு எத்தினி தடவ சொன்னேன் தெரியுமாக்கா? உனக்கு இன்னாடி வேணாம்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க."

நான் கேட்ட முதல் கேள்வி: "அந்த மாதிரி எடத்துக்கு நீ ஏன் போனே?"



முதலில் அவள் சொன்னபடியே அடித்தேன். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் 'பலாத்காரம்' என்ற சொல், பக்கத்திலேயே குமரவேல் பெயர். இவள் சொல்லி யார் நம்புவார்கள்? சிரித்து அனுப்பிவிடுவார்கள். அடிதடி என்றால் கேஸாவது நிற்கும். அழித்தேன். 'தகாத வார்த்தைகளால் திட்டி, கைகளைக் கட்டி, அடித்துக் காயப்படுத்தினர்.'

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள்.

"சொன்னதெல்லாம் இருக்குதாக்கா?"

"இருக்குது."

அவள் நல்லதுக்குத்தான்.

ஜூலை 10, வியாழன்

டோனர் வந்தது. பழைய மிஷின் பேப்பரைக் கடிக்கிறது.

சாயங்காலம் கடையில் கூட்டம். பத்திர ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர்:

"காசு தகராறாம்பா. அதுக்குப் போயி மூணு குடும்பத்த நாறடிக்கப் பாக்குறா."

"அவளுக்கு இன்னாய்யா புதுசா கெட்டுப்போச்சி? தெரிஞ்சிதான போனா."

பின்னால் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தமில்லை, வாய் மட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த மகள் சுதா என்னைப் பார்த்துவிட்டாள்.

அந்த ஆள் சொன்னதும் நான் தவமணியிடம் கேட்டதும் ஒன்றுதான். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். காலையில் பூ வாங்க மறந்துவிட்டேன்.

தவமணி வந்தாள். கடைக்குள் வரவில்லை, படியிலேயே நின்றாள். கையில் கட்டு.

"அடிதடின்னுதான் பேப்பர்ல இருக்குதாம். இப்ப வந்து புதுசா கத சொல்றியான்னு கேக்குறாங்க. நீ எழுதலியா?"

'ங்க' போய்விட்டது. 'அக்கா' போய்விட்டது.

"அவசரத்துல விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"விட்டுப் போவுமா? அதச் சொல்லத்தான வந்தேன்." குரல் ஏறவே இல்லை. "ஆஸ்பத்திரில கைக்கு மட்டும் மருந்து போட்டாங்க. பேப்பர்ல இருக்கறதுக்குத்தான பாப்பாங்க. அதுக்கப்புறம்தான் குளிச்சேன். துணியத் தொவச்சேன். எல்லாம் எழுதியாச்சின்னு நெனச்சிதான தொவச்சேன்? இப்ப இன்னாத்தக் காட்டுவேன்?"

பட்டா நகல் கேட்டு ஒருவர் வந்தார். அவரைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை 'அவள் நல்லதுக்கு' என்று எழுதியிருக்கிறேன். பொய். நம்ப மாட்டார்கள் என்று நினைத்தது நிஜம், ஆனால் பாதி நிஜம். மீதி: குமரவேல் வாரம் தவறாமல் பத்திர வேலை கொண்டுவருகிறவன். அவன் பெண்டாட்டியும் நானும் போன அமாவாசைக்கு ஒரே வேனில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். என் கடையில் அடித்த பேப்பரில் அவன் பெயர் அப்படி வரக்கூடாது என்று இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. அவளுக்கு இது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

ஜூலை 12, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் மனு விஷயத்தைச் சொன்னேன், ஸ்டேஷனில் சொல்லப் போவதையும்.

"நான்தான் எழுதலன்னு நீயே போயி சொல்லப் போறியா? பைத்தியமா உனக்கு?"

"பொய் சொல்லிட்டேங்க."

"அவ தொழிலே அது. உனக்கு இன்னாத்துக்கு டென்ஷன்? வீட்ல பொம்பளப்புள்ள இருக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சுதா தட்டைக் கழுவிக்கொண்டே:

"அந்தக்கா உங்கிட்ட சொன்னாங்களா இல்லியாம்மா?"

"சொன்னா."

"அப்புறம் இன்னா?"



ஜூலை 13, ஞாயிறு

சிங்கவரம் ரோட்டில் அவள் வீடு. ஒற்றை அறை, ஷீட் கூரை. விசாரித்துத்தான் போனேன். வழி சொன்ன அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை பார்த்ததற்கே.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். எழுதினது, அழித்தது, இருக்கிறது என்று சொன்னது, கு. என் கடைக்கு வருகிறவன் என்பது. அழுகை வந்தது.

"நீ எதுக்கு அழுவுற?" என்றாள். "அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவ."

அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"அவனுங்க அப்படித்தான்னு தெரியும். நீ பொம்பள, படிச்சவ. உங்கிட்ட வாயத் தெறந்து சொல்றதுக்கே பஸ் ஸ்டாண்ட்ல ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன்."

ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இதைச் சொல்கிறேன் என்றேன். மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"சொல்லு. எனக்கோசரம்னு நெனச்சிக்கினு சொல்லாத. நீ பண்ணதச் சொல்லு."

ஜூலை 14, திங்கள்

கடை பூட்டு. தவமணியோடு கோர்ட்டுக்குப் போனேன், இலவச சட்ட உதவி வக்கீல் அம்மாவிடம். இளவயது, கண்ணாடி. த.விடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணி, எந்தக் கொட்டகை, யார் முதலில் கையைப் பிடித்தது, தண்ணீர் வேண்டுமா. ஏன் போனாய் என்று மட்டும் கேட்கவே இல்லை. எனக்கு உட்கார முடியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட முதல் நாளே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"ஏன் எழுதல?"

"நம்ப மாட்டாங்கன்னு."

"நீங்க நம்பினீங்களா?"

"நம்பினேன்."

அதுதான் எனக்கே கேவலமாக இருந்தது. நம்பாமல் அழித்திருந்தால்கூட ஒரு மாதிரி.

என் கையாலேயே எழுதினேன். 'அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார். நான் அதை அழித்துவிட்டேன். மனுவில் இருப்பதாகப் பொய் சொன்னேன்.' கையெழுத்து, கடை முகவரி. வக்கீல் அம்மா தவமணி சொல்லி எழுதினதையும் என் தாளையும் எடுத்துக்கொண்டு டிஎஸ்பியைப் பார்க்கக் கிளம்பினார். நாங்கள் வெளியே பெஞ்சில், இரண்டு ஓரத்தில்.

ஜூலை 18, வெள்ளி

தூறல். மாடியில் துணி நனைந்தது.

கேஸைப் பலாத்காரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். கூட இருந்த இரண்டு பேரைப் பிடித்தாகிவிட்டது. கு. புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு, தேடுகிறார்கள்.

அவன் பெண்டாட்டி கடைக்கு வந்தாள். பிளேடு மாதிரி திட்டுவாள் என்று நினைத்தேன். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, "போயும் போயும் அவளுக்காவா அக்கா?" என்றாள். கன்னமெல்லாம் வற்றியிருந்தது. "அவள அங்க யாரு போவச் சொன்னாங்க?" என்றாள்.

"போனா. வேணாம்னு சொன்னா. என்னாண்டயும் சொன்னா" என்றேன். முழுதாகக் கேட்டாளோ என்னவோ, போய்விட்டாள்.

பத்திர வேலை எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும். வீட்டில் அவர் நான்கு நாளாகத் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

திண்டிவனம். மாஜிஸ்திரேட் முன்னால் த. வாக்குமூலம். காலை ஏழே கால் பஸ். அவள் பெண் போலீசோடு முன் சீட்டில். நான் கூப்பிடாமலே போனேன்.

உள்ளே அவள் மட்டும். இரண்டு மணி நேரம். வராந்தாவில் யார் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். தக்காளி சாதம் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். உதடு ஆறிவிட்டது.

"சொல்லிட்டியா?"

"எல்லாம் சொன்னேன்."

"சாப்டியா?"

"அவங்க டீ வாங்கிக் குடுத்தாங்க."

பொட்டலத்தை நீட்டினேன். போலீஸ் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவருக்கு வேறு டியூட்டி, பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

செஞ்சி பஸ், நல்ல கூட்டம். ஜன்னலோரம் அவள். பக்கத்தில் ஒரே ஒரு சீட் காலி. உட்காரட்டுமா என்று கேட்டேன். மடியிலிருந்த பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தாள். கோபமாகக்கூட வைக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டாள்.

தீவனூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அங்கே கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். தவமணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டாள்.