முதுகுக்குக் கீழே ஒரு ரஜாய்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். உங்கள் அக்கா வீட்டில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேன், வைச்சிடட்டுமா என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க உங்களுக்கு மனசு வராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனின் காரியம் முடிந்ததும் அவருடைய சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனீர்கள். சட்டைகள், செருப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. மரத்துக்கு மரம் கட்டிப் படுக்க நீங்கள் இருவரும் மலைக்கு எடுத்துப்போன துணித் தொட்டில்கள் இரண்டையும் மட்டும் கொடுக்கவில்லை. அவருடையதை இப்போது நான் பயன்படுத்துகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வனக்காவலர் கடைவாய்ப்பல் பிடுங்க எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார். நான் ரசீது போடும்போது, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். போன குளிர்காலத்தில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மேல்முகட்டில் மலையாடுகளை யாரும் எண்ணவில்லையாம். இந்த வருஷமும் ஆள் ஏறாவிட்டால் அந்த முகட்டைக் கணக்கெடுப்பிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். கணக்கில் இல்லாத ஆட்டுக்குக் காவல் எதுக்கும்மா என்றார். நான் போகிறேன் என்றேன். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் கீழ்முகாமில் ஒரு ராத்திரி படுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். போனேன். அங்கே தரை எப்போதும் சொதசொதவென்று இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தொட்டிலைக் கட்டி, அடியில் ஒரு கம்பளி, மேலே ஒரு கம்பளி என்று படுத்தேன். மேல்பக்கம் வெதுவெதுப்பு, முதுகு பனிக்கட்டி. கடைசியில் அவர் என்னை ஜீப்புக்குள் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட வேண்டியதாயிற்று. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறவங்களுக்கே பல்லு தந்தி அடிக்குதே என்று சிரித்தார். மேல்முகட்டுக்கு ஜீப் வராது என்பதைச் சிரிக்காமல் சொன்னார்.

விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ வீம்பு ஏறிவிட்டது.

அடியில் போடும் கம்பளி உடம்பின் பாரத்தில் காகிதமாக நசுங்கிவிடுகிறது, அண்ணி. நசுங்கிய துணியில் காற்று தங்காது. காற்று தங்காத இடத்தில் சூடும் தங்காது. அண்ணனுக்குக் குளிர் உறைத்ததே இல்லை, அதனால் இதெல்லாம் அவர் யோசித்திருக்க மாட்டார். காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளி நிற மறைப்பைத் தொட்டிலுக்குள் போட்டு மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, ஆனால் வேர்த்து முதுகெல்லாம் ஈரம். புரண்டால் அது ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம். பஞ்சு மெத்தை பனியில் நனைந்தால் கல்லாகக் கனக்கும் என்பதால் அதையும் தள்ளிவிட்டேன்.

கடைசியில் உங்கள் கட்டிலில் கிடந்த, குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பெரிய நீல ரஜாய் ஞாபகம் வந்தது. செயற்கைப் பஞ்சு, இறகு மாதிரி லேசு. கத்திரியை எடுத்துவிட்டு வெட்ட மனசு வராமல், நீங்கள் போனில் சரி என்று சொன்ன பிறகும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டினேன். என் தையல் லட்சணம் உங்களுக்குத் தெரியும், கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் அது தொட்டிலுக்கு உள்ளே இல்லை, வெளியே, அடியில் தொங்குகிறது. அதன்மேல் பாரம் விழாததால் நசுங்குவதில்லை.

தூளியில படுக்கிற வயசா இது, தாலாட்டும் நான்தான் பாடணுமா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் அவரேதான் மாடியில் எனக்கு அடியில் மல்லாந்து படுத்து, இடுக்கில் கையை விட்டுப் பார்த்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காற்று பஸ் ஜன்னலில் வருகிற மாதிரி நுழைகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு முனையிலும் எலாஸ்டிக் கோத்துச் சுருக்கினோம். ரொம்ப இழுத்தால் நசுங்குகிறது, தளர்த்தினால் இடைவெளி விழுகிறது. முதுகைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினோம்.

போன வாரம் மறுபடி கீழ்முகாம் போனேன். மூடுபனியும் காற்றும் சேர்ந்து வந்தன. விடிந்ததும் வனக்காவலர் வந்து தட்டித்தான் என்னை எழுப்பினார். ரஜாயைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி, ஏறலாம் என்றார். ஆனால் தனியாக அனுப்ப மாட்டாராம். ஒருவர் பைனாகுலரில் பார்க்க, ஒருவர் எழுத, இரண்டு பேர் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். என் வீட்டுக்காரரின் முழங்கால் ஜீப் நிற்கும் இடம் வரைக்கும்தான்.

அந்த மலைப்பக்கம் இனி தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால் வாருங்கள் என்று கட்டாயப்படுத்தவில்லை. யாரையாவது இழுத்துக்கொண்டாவது நான் ஏறிவிடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் தாய் ஆடு எந்தப் பாறைக்கு வரும், குட்டிகள் எந்தச் சரிவில் ஒதுங்கும் என்று அண்ணனுக்கே நீங்கள்தானே காட்டுவீர்கள். எனக்கு ஆடு எது, பாறை எது என்பதே தெரியாது. நான் எண்ணினால் முகட்டில் பாதி கல்தான் கணக்கில் ஏறும்.

ரஜாயில் பாதி அப்படியே இருக்கிறது. வேறு யாருக்காகவும் அதை வெட்டுவதாக இல்லை. தோளிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உங்களுக்கு எவ்வளவு நீளம் என்று அக்காவை அளக்கச் சொல்லி எழுதுங்கள், அண்ணி. வேறொன்றும் எழுதவேண்டாம். அந்த அளவு மட்டும் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
நாத்தனார்